பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய ஜீப் சாமான் கடை

அப்பாவின் ஜீப்புக்குக் காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான்) தேடி மூன்று மாதம் கொழும்பில் அலைந்துவிட்டு இதை எழுதுகிறேன். இரண்டாம் உலக யுத்த கால ஜீப் வைத்திருக்கிற யாருக்காவது உதவட்டும்.

முதலில் ஏமாந்த கதை. வேறொரு கடையில் "ஒரிஜினல் மாதிரியேதான்" என்று சொல்லிப் புதுக் காபரேட்டர் ஒன்றைத் தந்தார்கள். பூட்டி இரண்டாம் நாளே கசிவு. சொட்டுகிற பெற்றோல் நேரே சூடான எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டில் விழுந்தது. வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை ஓட்டவே நெஞ்சு பதறியது. திருப்பிக் கொடுக்கப் போனால், பூட்டின சாமானை எடுக்கமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கராஜ் பாஸ் ஒருவர் பஞ்சிகாவத்தையில் இந்தக் கடையைச் சொன்னார். பெயர்ப்பலகை கிடையாது. பிரதான வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில், வாசலில் ஏழு துளை கிரில் ஒன்று தொங்கும். அது யுத்தத்துக்குப் பிறகு வந்த சிவில் ஜீப்பின் கிரில்; படை ஜீப்புக்கு ஒன்பது துளை. உள்ளே வெளிச்சம் குறைவு. ஆனால் மகிந்திரா சாமான் ஒரு பக்கம், மிட்சுபிஷி ஒரு பக்கம், யுத்தகாலச் சாமான் மரப்பெட்டிகளில் தனியாக. ஒன்றோடு ஒன்று கலக்காது. எழுபது தாண்டிய நானா ஒருவர்தான் முதலாளியும் வேலையாளும்.

நான் போட்டோவைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. "பழசக் கொண்டு வாங்க மகன்" என்றார். அடுத்த நாள் கொண்டுபோனேன். பெட்டியிலிருந்து அழுக்கேறிய ஒன்றை எடுத்து, மண்ணெண்ணெயில் தோய்த்து, பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். கார்ட்டர் என்ற எழுத்து மெல்ல மேலே வந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கொம்பனி. பிறகு மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, பெற்றோல் வரும் துவாரத்தில் வாய் வைத்து ஊதினார். காற்றுப் போகவில்லை. பெற்றோலை மறிக்கிற ஊசி வால்வு அடியில் சரியாக உட்காருகிறது என்று அர்த்தம். என்னையும் ஊதிப் பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து, புதுச் சாமானைக் கழற்றி அதேபோல் ஊதினேன். காற்று தாராளமாகப் போனது.

நானாவின் காபரேட்டருக்கு 18,000 ரூபாய் கொடுத்தேன். பேரம் பேச முடியாது. பூட்டி ஐந்து மாதமாகிறது, ஒரு சொட்டுக் கசிவில்லை. காலையில் இரண்டாவது தடவைக்குள் ஸ்டார்ட் ஆகிவிடும்.

நன்றி சொல்ல ஜீப்பிலேயே போனேன். நானா வெளியே வந்து, முன்பக்கம் குந்தியிருந்து, ரேடியேட்டருக்குக் கீழே பார்த்தார்.

"இது வில்லிஸ் இல்ல மகன். போர்ட்."

இரண்டும் யுத்தகால ஜீப் செய்த அமெரிக்கக் கொம்பனிகள். நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் அதன் பெயர் வில்லிஸ். செசியின் முன் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். வில்லிஸுக்கு அது உருண்டைக் குழாய். எங்களுடையது கவிழ்த்து வைத்த பீலி போல இருந்தது. பிறகு துணியால் ஒரு போல்ட்டின் தலையைத் துடைத்தார். நடுவில் சின்னதாய் ஆங்கில எழுத்து, 'எஃப்'. போர்ட் தன் சாமான்களில் இப்படி முத்திரை குத்திவிடும்.

இந்த இரண்டு கொம்பனிக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 கொம்பனிகளிடம் கேட்டது: இந்த வகை வண்டியின் முதல் மாதிரி ஒன்று 49 நாளில் வேண்டும். நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது பான்டம் என்ற சின்னக் கொம்பனி. வரைந்தவர் கார்ல் புரோப்ஸ்ட். ஆனால் இவ்வளவு சின்னத் தொழிற்சாலையால் ஒரு படைக்குத் தேவையான அளவு செய்ய முடியாது என்று இராணுவம் அந்த வரைபடத்தை வில்லிஸுக்கும் போர்ட்டுக்கும் காட்டிவிட்டது. பான்டமுக்கு இது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது டிரெய்லர் செய்யும் வேலை. 1941 இல் 60 குதிரைவலு எஞ்சினால் வில்லிஸ் முந்தியது. டொலிடோவிலிருந்த அவர்களின் தொழிற்சாலை மட்டும் போதாது என்று, அதே வருடம் வில்லிஸின் வரைபடத்தைக் கொடுத்துப் போர்ட்டையும் செய்யச் சொன்னார்கள். ஒருவரின் சாமான் மற்றவரின் வண்டியில் பொருந்தவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்தன. போர்முனையில் உடைந்த இரண்டு வண்டியிலிருந்து ஓடுகிற ஒன்றைச் செய்யலாம். நானாவின் பெட்டிகளில் இருக்கிற சாமான் எந்தத் தொழிற்சாலையில் பிறந்திருந்தாலும் என் வண்டியில் உட்காருவதும் அதனால்தான்.

குறையும் சொல்லவேண்டும். பில் எழுதித் தரமாட்டார். வண்டி நிறுத்த இடமே இல்லை. ஓட்டோவில் போவது நல்லது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பூட்டியிருக்கும். ரப்பர் சாமான், கஸ்கெட் அவரிடம் வாங்காதீர்கள். பழைய ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், அதை அவரே சொல்வார்.

அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அப்பா நம்பவில்லை. எண்பத்தொரு வயதில் டோர்ச் லைட்டோடு கராஜுக்கு இறங்கி, நிலத்தில் சாக்கு விரிக்கச் சொல்லி, அந்தப் போல்ட்டைத் தானே பார்த்தார். பக்கத்துப் போல்ட்டையும் துடைக்கச் சொன்னார். அதிலும் 'எஃப்' இருந்தது.