பைத்தானா, ரஸ்டா? பாம்பன் கரையில் நிரல் எழுதுவோர்க்கு

பாம்பனிலோ தொண்டியிலோ மீன் ஏலக் கணக்குக்கு ஒரு செயலி எழுத முற்படுபவர் 1991-இல் வெளியான பைத்தான் என்ற நிரல்மொழியைத் தேர்ந்தால், நண்டு, இறால், கணவாய் என வகைவாரியாக எடையையும் தொகையையும் காட்டும் முதல் வடிவம் அன்று மாலைக்குள்ளேயே இயங்கத் தொடங்கிவிடும். உழைப்பின் பலனை உடனே காணும் அந்த நிறைவு சிறிதன்று.

ஆனால், 12 என்ற எடை எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாக, அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாக, உள்ளே வந்துவிட்டால், அதை மூன்றால் பெருக்கும்போது பைத்தான் பிழை என்று சொல்லாது. அதையே மூன்று முறை அடுத்தடுத்து எழுதி 121212 என்று விடை தரும். வியாபாரிகள் பணத்துடன் காத்து நிற்கையில் இத்தகைய பிழையைத் தேடி அலைவது, எவருக்கும் வேலையின் மீதே வெறுப்பை உண்டாக்கிவிடும்.

2015-இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட ரஸ்ட் என்ற நிரல்மொழி, அதே பிழையை, நிரலை இயக்குமுன் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றித் தொகுக்கும்போதே பிடித்து, எந்த வரியில் என்ன தவறு என்று காட்டிவிடுகிறது. நினைவகத்தில் உள்ள தரவு நிரலின் எந்தப் பகுதிக்கு உரியது என்று வரையறுக்கும் அதன் நினைவக உரிமை விதிகள் கடினமானவை. தொடக்கத்தில் வேலை நகரவே நகராது. அப்படியிருந்தும், நிரல் எழுதுவோரின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்தும் ஆய்வுகளில் 2016 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து, பயன்படுத்துவோர் மிகவும் விரும்பும் மொழியாக அதுவே வந்தது. எழுதியது நடுவழியில் நின்றுபோகாது என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம் என நான் உறுதியாக நினைக்கிறேன்.

வேலைவாய்ப்புகள் பைத்தானுக்கே அதிகம். ஏலக் கணக்குக்கு, எது எண், எது எழுத்து என்று சொல்லும் வகைக் குறிப்புகளுடன் எழுதி, அவற்றைச் சோதிக்கும் மைபை (mypy) என்ற கருவி கொண்டு சரிபார்த்த பைத்தானே போதும். விசைப்படகில் பொருத்தி, கரை திரும்பும்வரை யாரும் திருத்த இயலாத கருவிக்கு எழுதுவதானால், கற்கும் காலத்தைப் பொருட்படுத்தாமல் ரஸ்டையே தேர்ந்துகொள்ளுங்கள்.