வீட்டுக்கு நர்ஸ் அனுப்புகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

படுக்கையில் இருக்கும் பெரியவர்களையோ, நடமாட முடியாத மாற்றுத்திறனாளிகளையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள், அதிலும் வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்கள். எங்கள் அப்பாவுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

அப்பாவுக்கு 74 வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மூக்கில் உணவுக் குழாய், கட்டிலோரம் சிறுநீர்ப் பை. வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டது, அப்பாவைத் தூக்கிப் புரட்ட அவரால் முடியாது. நானும் என் கணவரும் வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும். அதனால் ஆள் வைத்தே ஆக வேண்டிய நிலை.

இணையத்தில் தேடிக் கிடைத்த ஒரு ஏஜென்சிக்குப் போன் போட்டோம். பேசியவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "எங்க ஸ்டாஃப் எல்லாருமே ட்ரெயினிங் முடிச்சவங்க மேடம். டியூப் ஃபீடிங், கதீட்டர் எல்லாம் பார்த்துக்குவாங்க. நீங்க நிம்மதியா வேலைக்குப் போலாம்" என்றார். இரவும் பகலும் தங்கிப் பார்த்துக்கொள்ள மாதம் 27,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 3,000. எந்த ஏரியா என்று கேட்டார். தண்டையார்பேட்டை என்றதும் குரல் மாறியது. "நார்த் மெட்ராஸா? அங்க வர ஸ்டாஃப் யோசிப்பாங்க மேடம், ஒரு 2,000 சேர்த்துக் குடுங்க" என்றார். எங்கள் ஏரியா வழியாக மெட்ரோ ரயில் 2021 முதல் விம்கோ நகர் வரைக்கும் ஓடுகிறது. எங்கள் தெருமுனையிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம். இருந்தும் எங்கள் ஊர்ப் பெயருக்கென்று தனியாக ஒரு விலை போட்டார்கள். அப்பா படுத்திருக்கும் நேரத்தில் இதற்கெல்லாம் சண்டை போட முடியுமா? மொத்தம் 32,000 ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் 'பெய்டு' என்று ஒரு வார்த்தை வந்தது. விதிமுறைகள் என்று ஒரு பக்கத்தை அதற்கப்புறம்தான் அனுப்பினார்கள். கட்டிய பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்பக் கிடைக்காது, வேண்டுமானால் ஆளை மட்டும் மாற்றித் தருவோம், ஏஜென்சி அனுப்பும் ஆளை நீங்களே நேரடியாக வேலைக்கு வைத்துக்கொண்டால் 50,000 ரூபாய் அபராதம் என்று அதில் இருந்தது.

வந்த பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள், அதுவும் ஏஜென்சி கொடுத்தது. முதல் நாளே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூக்குக் குழாயைப் பார்த்து, "இது எதுக்கு பாட்டி தாத்தாவுக்கு?" என்று கேட்டிருக்கிறாள். நான் உடனே ஏஜென்சிக்குப் போன் போட்டேன். "புது வீடு இல்ல மேடம், கூச்சப்படுது. ரெண்டு நாள்ல செட் ஆயிடும்" என்றார்கள்.

இரண்டொரு நாளில், அம்மா குளித்துவிட்டு வரும்போது அந்தப் பெண் இட்லியைப் பாலில் கரைத்து ஸ்பூனால் அப்பாவின் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாவம், பாசத்தோடுதான் கொடுத்திருக்கிறாள். பெரியவர் பசியோடு பார்க்கிறாரே என்று நினைத்திருக்கிறாள். ஆனால் பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் திறன் கெட்டுப்போயிருக்கும். உணவு இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் தொற்று வரும். இருமல் ஆரம்பித்தது, ராத்திரி காய்ச்சல். திரும்பவும் மருத்துவமனை, ஊசி, எக்ஸ்ரே. எங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது. பக்கத்து வீட்டுப் பையன்கள் அப்பாவைப் போர்வையில் ஏந்தி மெயின் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமே இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டு வேலை, சமையலுக்கு ஒத்தாசை என்று சொல்லித்தான் ஊரிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். பயிற்சி என்று ஒரு மணி நேரம்கூட யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. சம்பளம் 11,000 ரூபாய். அதிலும் முதல் மாதச் சம்பளத்தை டெபாசிட்டாகப் பிடித்துவைத்துக்கொள்வார்களாம், பாதியில் போனால் அது கிடையாதாம். பதிவுக் கட்டணமும் அந்தக் கூடுதல் 2,000மும் போக நாங்கள் கொடுத்தது 27,000. நடுவில் இருக்கும் 16,000 ரூபாய்க்கு அந்த அலுவலகம் என்ன செய்தது? ஒரு செவிலியரை அனுப்பிப் பார்த்ததா, போனிலாவது நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டதா? எதுவும் இல்லை. தவறாகக் கவனித்துவிட்டார்கள் என்று ஆளைத் திட்டிவிட்டு அடுத்த ஆளுக்குக் காத்திருப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. இந்த ஏஜென்சிகள் பிழைப்பதே அதில்தான். வேலைக்கு வருகிறவரும் ஏமாற்றப்பட்டவர்தான் என்பது தெரிந்தால் நம் கேள்வி யாரிடம் போக வேண்டும் என்பதும் தெரியும்.

அடுத்து ஒரு ஆண் உதவியாளரை அனுப்பினார்கள். அவருக்கு அனுபவம் இருந்தது, குழாயில் கஞ்சி ஊற்றத் தெரிந்தது. ஆனால் அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்தே ஊற்றினார். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைத்துத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே சாய்த்து வைத்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது வார்டில் இருந்த சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. நான் சொன்னால், "எனக்குத் தெரியும் மேடம்" என்பார். நான் வேலைக்குப் போனதும் பழையபடிதான்.

ஒருநாள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பாவின் இடது கையைக் கட்டில் கம்பியோடு வேட்டித் துணியால் கட்டியிருந்தார். குழாயைப் பிடுங்குகிறாராம். பேச முடியாத அப்பாவுக்கு எங்களைக் கூப்பிட இருந்த ஒரே வழி அந்தக் கைதான். மோதிரத்தால் கம்பியில் தட்டுவார், சத்தம் கேட்டு யாராவது ஓடுவோம். அந்தக் கையைத்தான் கட்டிப்போட்டிருந்தார். அம்மாவிடம், "டாக்டர் சொல்லித்தாம்மா கட்டியிருக்கேன்" என்று பொய் சொல்லியிருக்கிறார். அவிழ்த்துவிட்டபோது மணிக்கட்டில் கயிறு பதிந்த மாதிரி தடம். அப்பா என் முகத்தையே பார்த்தார். அதை எழுதும் அளவுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அன்றைக்குத்தான் அப்பாவைப் புரட்டிப் பார்த்தேன். வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகத் தோல் உரிந்து சதை தெரிந்தது. படுக்கைப் புண். ஏர் பெட் வாங்கிப் போட்டிருந்தோமே என்று நினைத்தேன். ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் வலமாகப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலையை அது செய்யாது. இரவில் அந்த உதவியாளர் தூங்கிவிடுவார், ராத்திரி முழுக்க அப்பா ஒரே பக்கம். சிறுநீரோ மலமோ பட்டு ஈரமாக இருக்கும் தோல் இன்னும் சீக்கிரம் உரியும். சர்க்கரை இருந்தால் ஆறவும் நாளாகும்.

யார் பார்த்துக்கொண்டாலும் சரி, தினமும் ஒருமுறை நீங்களே பாருங்கள்: வால் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், கணுக்கால், பின்னந்தலை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். நிறம் வெளுத்துத் திரும்பினால் பரவாயில்லை. அழுத்தியும் சிவப்பு மாறாமல் அப்படியே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் ஆட்களின் நிறத்துக்குச் சிவப்பு தெரியாமலும் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

ஏஜென்சிக்காரர்கள் புண்ணுக்குப் பொறுப்பேற்கவில்லை. "ஏற்கெனவே இருந்திருக்கும் மேடம்" என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படி எதுவும் இல்லை என்று அனுப்பினேன், பதில் வரவில்லை. பணத்தைக் கேட்டால் விதிமுறைப் பக்கத்தைத் திரும்ப அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

எங்களைக் காப்பாற்றியது எதிர்வீட்டு அக்கா சொன்ன ஒரு யோசனை. "கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லு, வீட்டுக்கே வருவாங்க" என்றார். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பதிந்தேன். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டில் கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. படுக்கையில் இருப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் நோய்த்தணிப்புச் செவிலியரும், பிசியோதெரபிஸ்ட்டும் அதில் உண்டு. காசு கிடையாது. வந்த சிஸ்டர் புண்ணைச் சுத்தம் செய்து டிரெஸ்ஸிங் போட்டார். அதைவிடப் பெரிது, அப்பாவின் முட்டிக்கு நடுவில் தலையணை வைத்து, கீழே போட்டிருக்கும் விரிப்பையே பிடித்து இழுத்து, அதிகம் பலம் போடாமல் எப்படிப் புரட்டுவது என்று அம்மாவுக்கே செய்துகாட்டினார். தினமும் வர மாட்டார்கள், நாள் முழுக்க இருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஏஜென்சிக்குக் கொடுத்த பணத்தில் கிடைக்காத படிப்பு அந்த அரை மணி நேரத்தில் கிடைத்தது.

இப்போது பகலில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு அம்மா வந்து உதவுகிறார். சம்பளம் நேராக அவர் கைக்கே போகிறது. குழாய் மாற்றுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது எதையும் அவரிடம் விடுவதில்லை, அதற்குச் செவிலியர்தான்.

ஏஜென்சி மூலம்தான் முடியும் என்ற நிலையில் பலர் இருப்பீர்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். நர்ஸ் அனுப்புகிறோம் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு 2 வருடம், ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமா 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம் படித்துப் பதிவு செய்தவர்களுக்குத்தான் அது இருக்கும். எண் இல்லை என்றால் வருகிறவர் அட்டெண்டர். குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற, துணையாக இருக்க அட்டெண்டர் போதும், நல்ல அட்டெண்டர் கிடைப்பதே பெரிய விஷயம். ஆனால் நர்ஸுக்கு உண்டான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். வருகிறவரிடமே, "இதுக்கு முன்னாடி எங்க பார்த்தீங்க, உங்களுக்கு எவ்வளவு தர்றாங்க?" என்று அன்பாகக் கேளுங்கள், பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும். முதல் சில வேளை உணவைக் குழாயில் உங்கள் முன்னால் கொடுக்கச் சொல்லுங்கள். மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாமல் வாராவாரம் தருவதாகப் பேசுங்கள். ஒத்துக்கொள்ளாத ஏஜென்சி வேண்டாம். வீட்டில் தங்கப் போகிறவரைப் பற்றிச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஏஜென்சி, "நாங்களே வெரிஃபை பண்ணிட்டோம்" என்று சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் தள்ளிப்போடாமல் விண்ணப்பித்துவிடுங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. முதியவர்கள் தொடர்பான எந்த உதவிக்கும், கொடுமைப்படுத்தப்பட்டால் புகார் சொல்லவும், 14567 என்ற இலவச எண் இருக்கிறது.

பணம் போன கதை இன்னும் முடியவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகுதான் ஏஜென்சி வாய் திறந்தது. 8,000 ரூபாய் தருகிறோம், இனி எந்தப் புகாரும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஏஜென்சி அலுவலகம் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். செய்த சேவைக்கு பில் தர மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. மனு கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, டிஸ்சார்ஜ் சம்மரி, புண்ணைத் தேதியோடு எடுத்த போட்டோ எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். உங்களிடமும் இப்படிப் பணம் வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் இருக்கிறார்கள் என்றால், கோபத்தில் அந்த நம்பரின் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.