சிறைச் சோறா, ஜாமீன் பணமா, பலன் கண்டால் கூலியா?

தாராவி 90 அடி ரோடு பக்கம் இட்லி விற்கும் அக்காவின் மகன் மொபைல் திருட்டு வழக்கில் உள்ளே போனான். 15,000 ரூபாய் கட்டினால் விடலாம் என்று கோர்ட் சொல்லி இரண்டு மாதம் ஆகியும் பணம் புரளவில்லை. ஆனால் முலாக்காத்துக்கு (சிறையில் பார்க்க) போகிற நாளெல்லாம் வியாபாரம் போச்சு. சிறைக் கேன்டீனில் அவன் வாங்கிச் சாப்பிட மணியார்டர் வேறு. “வெளிய இருந்தா அவன் எனக்குக் கொடுப்பான் தம்பி, இப்ப நான் அவனுக்கு அனுப்புறேன்” என்றார்.

முதல் வழி, உள்ளேயே வைத்திருப்பது. அதில் அரசுக்கும் செலவுதான். மும்பை ஆர்தர் ரோடு சிறையில் இருப்பவர்கள், அங்கே இருக்க வேண்டியவர்களைப் போலப் பல மடங்கு. நாடு முழுக்க, 2022 கணக்கில், கைதிகளில் நூற்றுக்கு சுமார் 76 பேர் விசாரணைக் கைதிகள். திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. முதல் வழக்கென்றால் புதிய சட்டப்படி 1 ஆண்டு கழிந்ததும் பிணை உண்டு. சரி, அந்த ஒரு வருடச் சோறு யார் கணக்கு?

இன்னொரு வழி, அரசே ஜாமீன் கட்டுவது. 2023 பட்ஜெட்டில் அறிவித்த மத்திய அரசுத் திட்டத்தில் ஏழை விசாரணைக் கைதிக்கு முதலில் 40,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். எல்லா வழக்குக்கும் கிடையாது. வழக்கு முடிந்ததும் அந்தப் பணம் அரசுக்கே திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அதாவது இது செலவே இல்லை, முன்பணம்!

மூன்றாவது, பலன் பார்த்துப் பணம் தருவது. கைதிகளைத் திருத்தும் வேலைக்கு முதலீட்டாளர்கள் முதலில் காசு போடுவார்கள்; பலன் தெரிந்தால் மட்டும், சிறைச் செலவு மிச்சமாகும் என்று நம்பி, அரசு திருப்பித் தரும். 2010இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் தொடங்கியது: குறுகிய தண்டனை முடித்தவர்கள் மறுபடி குற்றம் செய்வது 7.5 சதவீதம் குறைய வேண்டும் என்பது இலக்கு, 9 குறைந்தது. முதலீட்டாளர்களுக்கு வட்டியோடு காசு திரும்பியது. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இதே மாதிரி வைத்த 10 சதவீத இலக்கு தவறியது. 2015இல் இழுத்து மூடினார்கள், மாநகராட்சி காசு கொடுக்கவில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாலு பேர் குறைந்தால் வார்டர் சம்பளமும் கட்டடச் செலவும் குறையுமா? மிச்சமாவது சாப்பாடும் மருந்தும்தான். அதனால் இந்த முறை, தண்டனை முடித்து வெளியே வருபவர்களுக்குச் சரி. ஜாமீனுக்கு இரண்டாவதுதான் என் ஓட்டு. அதில் மூன்றாவதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஆள் ஒவ்வொரு தாரீக்குக்கும் (கோர்ட் தேதிக்கும்) வந்தானா என்று பார்த்து, கூட்டி வருகிற தொண்டு அமைப்புக்குக் கூலி. அதை அளக்க ஆய்வு வேண்டாம், கோர்ட் பதிவேடே போதும்.

அந்த அரசுத் திட்டம் பற்றி அக்காவிடம் கேட்டேன். “அப்படி ஒண்ணு இருக்கா?” என்றார். அதற்குள் கம்மல் அடகுக்குப் போயிருந்தது.