ரவிக்கை அளவைச் சொல்லி ஸ்போர்ட்ஸ் பிரா வாங்காதீர்கள்

கடந்த மாதம் பாண்டி பஜாரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் 2,340 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய உடற்பயிற்சி ஆடைகள் இரண்டும் உடுத்த முடியாமல் அலமாரியில் கிடக்கின்றன. புதிதாக ஓடத் தொடங்கும் பெண்கள் இப்படி ஏமாறக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

"ப்ளவுஸ் என்ன சைஸ் மேடம்?" என்று விற்பனைப் பெண் கேட்டார். 38 என்றேன். அளவுநாடா அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தும் அதைத் தொடாமல், 38 என்று அச்சிட்ட ஸ்போர்ட்ஸ் பிராவை எடுத்து நீட்டினார். ரவிக்கைக்கு நாம் சொல்லும் 38 அங்குலம் மார்பின் முழுச் சுற்றளவு என்பதும், பிராவில் உள்ள எண் மார்புக்குக் கீழே விலாவை ஒட்டி எடுக்கும் அளவைச் சேர்ந்தது என்பதும் அன்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போட்டுப் பார்க்கக் கேட்டதற்கு, உள்ளாடைக்கு டிரையல் கிடையாது என்றார். லெக்கிங்ஸில் எக்ஸ்எல் கேட்டபோதும், "நல்லா இழுக்கும் மேடம், எல் போதும்" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் இரண்டு சுற்று ஓடுவதற்குள் பிராவின் அடிப்பட்டை முதுகில் மேலேறிவிட்டது. தாங்க வேண்டிய அந்தப் பட்டை தளர்ந்ததால் பாரம் முழுவதும் தோளுக்குப் போய், வீடு திரும்பியபோது இரு தோள்களிலும் வார் பதிந்து கன்றிச் சிவந்திருந்தது. குனிந்தால் லெக்கிங்ஸ் துணி விரிந்து உள்ளே தெரிகிறது என்று உடன் வந்த நாத்தனார் காதோடு சொன்னபோது கூசிப்போனேன்.

உடுத்திய உள்ளாடையைக் கடைக்காரர் திரும்ப வாங்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் அளந்தும் பார்க்காமல், போட்டுப் பார்க்கவும் விடாமல் விற்றுவிட்டு, "நீங்கதானே சைஸ் சொன்னீங்க" என்று கைவிரிப்பது எந்த வகையில் நியாயம்?

பிறகு எங்கள் தெருத் தையற்கார அம்மாதான் அளந்து சொன்னார்: கீழ்ச்சுற்று 33 அங்குலம், மார்புச்சுற்று 38. அதன்படி பட்டை 34. மார்புச்சுற்று 38-க்கும் பட்டை 34-க்கும் 4 அங்குல வித்தியாசம் இருப்பதால், மார்பின் பருமனைக் குறிக்கும் கப் எழுத்து டி. ஆகவே வீட்டிலேயே இரண்டு அளவும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். கைகளை உயர்த்தினாலும் பட்டை நகரக் கூடாது. அதனடியில் இரண்டு விரல் நுழையும் இடம் போதும். லெக்கிங்ஸுக்கு இடுப்பின் மிக அகன்ற பகுதியை அளந்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். டிரையல் மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

பொதியில்லாமல் விற்கும் ஆடைகளிலும் எஸ், எம், எல் என்ற எழுத்துகளுடன் சென்டிமீட்டர் அளவும் இருக்க வேண்டும் என்று 2022-இல் திருத்தப்பட்ட எடையளவு விதிகள் சொல்கின்றன. என் லெக்கிங்ஸின் லேபிளில் எல் என்ற ஒற்றை எழுத்து மட்டுமே இருக்கிறது. அந்த லேபிளின் படத்தையும் ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் நேற்று புகார் பதிவு செய்திருக்கிறேன்.