டொலேடோவில் ஒரு நாள்: வேனை எங்கே நிறுத்துவது?

ஸ்பெயினில் தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்த மலையூர் டொலேடோ. மதிலுக்குள் கேம்பர்வேனை, அதாவது படுக்கை வசதியுள்ள வேனை, கொண்டுபோகவே வேண்டாம். சந்துக்குள் சிக்கினால் திருப்ப இடமில்லை.

நிறுத்த இரண்டு இடங்கள் சொல்கிறேன். ஒன்று, பேருந்து நிலையம் அருகே உள்ள சஃபோன்ட் நிறுத்துமிடம். அங்கிருந்து நகரும் படிக்கட்டிலேயே மேலே ஏறிவிடலாம். பகலில் மட்டும் சுற்றுவோருக்கு இதுவே நல்லது, காலையிலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். வண்டிக்கு வெளியே பந்தல் விரிக்கவோ நாற்காலி போடவோ கூடாது. ஸ்பெயினில் அது நிறுத்தமாகாது, முகாமிட்டதாகிவிடும், அபராதம் விழும்.

மற்றொன்று, மேற்கே ஆற்றுக்கு அப்பால் எல் கிரேக்கோ என்ற முகாமிடும் இடம். கட்டணம் உண்டு, ஊருக்கு நடை சுமார் அரை மணி. ஆனால் மின்சாரம், குளியலறை, கழிவுநீர் கொட்டும் வசதி எல்லாம் கிடைக்கும். கழிவறைத் தொட்டி நிறைந்திருந்தால் யோசிக்காமல் இங்கேயே வாருங்கள்.

எதுவானாலும் திங்களைத் தவிருங்கள்: டிரான்சிட்டோ யூதத் தொழுகைக்கூட அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கும்.