ராக்போர்ட்டில் குளிர்கால மீன்பிடிப் படகு அமர்த்துவோர் கவனத்திற்கு

டெக்சஸ் கடற்கரையில் ராக்போர்ட், அரான்சஸ் பாஸ் பக்கம் குளிர்காலத்தில் ரெட்ஃபிஷும் ட்ரவுட்டும் பிடிக்க வழிகாட்டியுடன் படகு அமர்த்த நினைப்பவர்கள், முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்களை அழைத்துச் சென்றவரின் பெயரை எழுதவில்லை. அவர் செய்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

விடியுமுன் கிளம்பினால்தான் மீன் கிடைக்கும் என்று அவர் அடித்துச் சொன்னார். கோடையில் அது சரி. ஆனால் அந்த விரிகுடாக்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. நீர்மட்டத்தைப் பெரும்பாலும் காற்றே தீர்மானிக்கிறது. எங்கள் பயணத்திற்கு முந்தைய நாள் முழுவதும் கடும் வாடை வீசியிருந்ததால், ஆழமற்ற திட்டுகளின் மேலிருந்த நீர் வெளியே தள்ளப்பட்டு, முழங்கால் ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் கணுக்கால் அளவே மிஞ்சியிருந்தது. அப்படிப்பட்ட நாளில் மீன்கள் கால்வாய்களுக்கும் பள்ளங்களுக்கும் இறங்கிவிடும். வெயில் ஏறிக் கருஞ்சேற்றுத் தரை சூடு பிடித்த பிறகே, அதாவது பிற்பகலில்தான், மேட்டுக்குத் திரும்பி இரையெடுக்கும். இதை எடுத்துச் சொல்லிப் பயணத்தைத் தள்ளி வைக்கக் கேட்டபோது, தள்ளி வைத்தால் முன்பணம் திரும்பாது என்றார். நண்பகலில் எங்களைக் கரையில் இறக்கியபோது அதே படகிற்காக அடுத்த குழு காத்திருந்தது. பிற்பகல் முன்பே விற்றுப்போயிருந்தது. மிச்சமிருந்த காலைப் பொழுதைத்தான் சிறந்த நேரம் என்று சொல்லி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

காலையில் நடந்ததும் சொல்லத் தக்கதல்ல. ரெட்ஃபிஷ் விரிகுடாவில் படகு தரை தட்டியது. இறங்கித் தள்ளுகிறோம் என்று நாங்கள் சொல்லியும் கேட்காமல், அவர் எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கிக் கடற்புல்லை வேரோடு கிளப்பி ஒரு நீண்ட தடம் போட்டார். புரொப்பல்லரால் கடற்புல்லைப் பெயர்ப்பது அந்த விரிகுடாவில் 2006 முதலும், மாநிலக் கடற்கரை முழுவதும் 2013 செப்டம்பர் முதலும் குற்றம்.

பிறகு ஒரு பள்ளத்தில் என் நண்பருக்கு ஒரேயொரு ட்ரவுட் மாட்டியது. அளந்தால் 23 அங்குலம். 2021 பிப்ரவரி உறைபனியில் அந்தக் கடற்கரையில் குறைந்தது 38 லட்சம் மீன்கள் மடிந்தன. ட்ரவுட் இனம் மீள வேண்டும் என்பதற்காக, 15 முதல் 20 அங்குலம் வரை உள்ளவற்றில் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்றே வைத்துக்கொள்ளலாம் என்று 2024இல் விதி இறுகியது. அவரோ, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று மீனைப் பனிப்பெட்டிக்குள் போடப் போனார். நண்பர்தான் வாங்கித் தண்ணீரில் விட்டார்.

தம் உரிமமே எங்களுக்கும் போதும் என்று அவர் சொல்லியிருந்தது இன்னொரு பொய். ஃபுளோரிடாவில் வாடகைப் படகின் உரிமம் பயணிகளுக்கும் செல்லும். டெக்சஸில் சிறுவர்களைத் தவிர மற்றவர்கள் தனித்தனியே உரிமமும் உப்புநீர் அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் வாங்கி வைத்திருந்தோம். கடலோரக் காவல்படை வழங்கும் படகோட்டி உரிமத்தையும் மாநில வழிகாட்டி உரிமத்தையும் காட்டும்படி கரையில் கேட்டதற்கு, வீட்டில் இருக்கின்றன என்றார். இரண்டின் படத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். வாடை வீசினால் புறப்படும் நேரத்தை மாற்றுவாரா, முன்பணம் என்னவாகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கடிதங்களுக்கு இதுவரை அவரிடமிருந்து பதில் இல்லை.