மலிவு மடக்குக் கத்தி விலையுயர்ந்ததற்கு ஈடாகுமா?

ஓராண்டுக்கும் மேலாக மூன்று மடக்குக் கத்திகளை மாற்றி மாற்றிச் சட்டைப்பையில் வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். முதலாவது 8சிஆர்13எம்ஓவி என்னும் சீன உருக்கில் செய்த, மிகவும் மலிவான இறக்குமதிக் கத்தி. இரண்டாவது, சற்றே கூடுதல் விலையில் கிடைக்கும், டி2 உருக்கில் செய்த மற்றொரு சீனக் கத்தி. மூன்றாவது எஸ்30வி உருக்கில் செய்த அமெரிக்கக் கத்தி, அதன் விலைக்கு முதல் வகையில் ஏழெட்டு வாங்கிவிடலாம். மூன்றும் ஏறத்தாழ ஒரே நீளம். பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் நகர்ந்து வந்து அலகின் அடியைத் தாங்கிக்கொள்ளும் லைனர் லாக் பூட்டுதான் மூன்றிலும் என்பதால் ஒப்பிடுவது எளிதாக இருந்தது.

புதிதில் வெட்டும் திறனில் மலிவுக் கத்தி எதற்கும் குறைந்ததாக இல்லை. ஒரு கத்தி எவ்வளவு இலகுவாக இறங்குகிறது என்பதை உருக்கின் பெயரைவிட அலகின் தடிமனும் சாணை பிடித்த கோணமுமே முடிவு செய்கின்றன. மலிவுக் கத்தியின் அலகு மெல்லியது, ஆகவே அட்டைப்பெட்டியில் அது அமெரிக்கக் கத்தியை முந்தியது என்றே சொல்ல வேண்டும். ஆனால் கூர் தங்கவில்லை. ஒரு பிற்பகல் முழுவதும் அட்டைகளைப் பிரித்தபின் அது காகிதத்தை அறுக்காமல் கிழிக்கத் தொடங்கியது. முழுப் பழியையும் உருக்கின்மேல் போட முடியாது: இயந்திரச் சாணையில் அவசரமாகப் பிடிக்கும்போது விளிம்பு சூடேறி அதன் கடினம் இறங்கிவிடுவதுண்டு. கல்லில் இரண்டு மூன்று முறை தீட்டி அந்த விளிம்பு தேய்ந்தபின், அதே கத்தி முன்னைவிட நெடுநேரம் கூராக நின்றது.

டி2 கத்தி இவ்வகையில் வியப்பளித்தது. அதில் ஏறத்தாழ 1.5 சதவீதம் கரியும் 12 சதவீதம் குரோமியமும் உண்டு; குரோமியத்தில் கணிசமான பகுதி கரியுடன் சேர்ந்து கடினமான துகள்களாகிவிடுவதால், கூர் நன்றாகத் தங்கும், துருவைத் தடுக்கும் ஆற்றல் குறையும். புளிப்பான பழம் ஒன்றை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் மடித்து வைத்த இரவு, காலையில் அலகில் பழுப்புப் புள்ளிகளைக் கண்டேன். 2001-இல் அறிமுகமான எஸ்30வி, உருக்கைத் தூளாக்கி மீண்டும் அழுத்திச் செய்யப்படுவது. 4 சதவீத வனேடியம் அதற்குத் தேய்மானத்தைத் தாங்கும் வலிமையைத் தருகிறது. கூர் மற்ற இரண்டையும்விட வெகுநாள் நின்றது உண்மை. மழுங்கியபின் சாதாரணக் கல் அதை அசைக்கவில்லை, வைரத் துகள் பதித்த தகடு வாங்க நேர்ந்தது என்பதும் உண்மை.

விலையின் வேறுபாடு எனக்கு உண்மையில் தெரிந்தது பூட்டில்தான். மலிவுக் கத்தியை முதலில் திறந்தபோதே தகட்டின் ஒரு மூலை மட்டும் அலகின் அடியைத் தொட்டது. சில மாதங்களில் அந்தத் தகடு தேய்ந்து மறுபக்கம் வரை நகர்ந்துவிட்டது, அலகிலும் ஆட்டம் கண்டது. அச்சுத் திருகை இறுக்கினால் ஆட்டம் நின்றது, ஆனால் கத்தி திறக்க மறுத்தது. தளர்த்தினால் திறந்தது, ஆட்டமும் திரும்பியது. ஒருநாள் அலகின் முதுகை மரக்கட்டையில் இலேசாகத் தட்டிப் பார்த்தேன், பூட்டு விடுபட்டு அலகு மடங்கியது. விரல்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தேன். அமெரிக்கக் கத்தியில் இதே சோதனையைப் பலமுறை செய்தும் அசைவில்லை. டி2 கத்தியின் பூட்டும் உறுதிதான். அதே மாதிரியில் நண்பர் வாங்கியதன் அலகோ மடித்தால் பிடியின் நடுவில் நில்லாமல் ஒரு பக்கத் தகட்டை உரசுகிறது. விலை கூடிய கத்தியில் நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, ஒன்றைப்போல் மற்றொன்று வரவேண்டும் என்னும் அந்தக் கண்டிப்புக்கே போகிறது.

மலிவு என்றாலே இப்படித்தான் என்பதும் சரியன்று. 1890 முதல் பிரான்சில் செய்யப்படும் ஒப்பினெல் கத்தியில் மரப்பிடி, அலகு, ஓர் ஆணி, 1955-இல் சேர்த்த சுழல் வளையப் பூட்டு ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. நுணுக்கமான பொருத்தம் தேவைப்படாத அமைப்பு என்பதால் குறைந்த விலையிலும் அது தரமாக வருகிறது. குறைந்த விலையில் லைனர் லாக்கும், அலகு இலகுவாகச் சுழல உதவும் பந்துத் தாங்கியும், பளபளப்பான பிடியும் சேர்த்துத் தர முயலும்போதுதான் எங்கோ ஓரிடத்தில் கை வைக்கிறார்கள்.

இப்போது என் பையில் இருப்பது டி2 கத்தி. பூட்டு விடுபட்ட மலிவுக் கத்தியின் திருகுகளைக் கழற்றி, அலகை மட்டும் எடுத்து, மரப்பிடி ஒன்றில் அசையாமல் பொருத்திவிட்டேன். அட்டை அறுக்க அது இன்றும் நன்றாகவே இருக்கிறது.